மாண்டலின் வாங்கும்முன்: இரட்டைக் கம்பியும் ஒட்டாத பிரிட்ஜும்

ஆன்லைன் கடையில் ‘மாண்டலின்’ என்று தேடினால் வாத்தியத்தோடு காய் சீவும் பலகையும் வந்து நிற்கும். சமையல்காரர்களும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதைக் கழித்துவிட்டாலும் குழப்பம் தீராது. வட்டத் துளை, எஃப் வடிவத் துளை, பானை முதுகு, சுருள் வைத்த உடம்பு, எட்டுக் கம்பி, ஐந்து கம்பி என்று பக்கம் பக்கமாக வரும். புதிதாக வாங்குபவர் பெரும்பாலும் நிறத்தையும் சுருளையும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார். வாங்கிய இரண்டாம் மாதம் விரல் நுனி வலி தாங்காமல் பெட்டி பரண் மேல் ஏறுகிறது. குற்றம் விரலின் மேல் இருப்பது அபூர்வம். சரியாக அமைத்துத் தராத வாத்தியம்தான் காரணம்.

மாண்டலினைப் புரிந்துகொள்ள இரண்டே விஷயம் போதும். முதலாவது, கம்பிகள் ஜோடியாக இருக்கின்றன. எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரே சுருதி. தடித்ததிலிருந்து மெல்லியதுவரை ஜி, டி, ஏ, ஈ. வயலினுக்கு மேல்நாட்டார் சேர்க்கும் அதே வரிசை, அதே ஸ்தாயி: 196, 294, 440, 659 ஹெர்ட்ஸ். இரண்டாவது, பிரிட்ஜ் (பலகையின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் கட்டை) ஒட்டப்படவில்லை. கிதாரில் பிரிட்ஜைப் பலகையோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். மாண்டலினில், வயலின் குதிரையைப் போலவே, கம்பிகளின் அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்து நிறுத்துகிறது. விரலால் தள்ளினால் நகரும். வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவைதான்.

முதல் கேள்வி: எந்த இசை?

கடைக்குப் போகும்முன்பே இதற்குப் பதில் இருக்க வேண்டும். ஏனென்றால் கர்நாடக இசைக்கான மாண்டலினும் மற்றதும் பெயரால்தான் ஒன்று.

நம் ஊரில் மாண்டலின் என்றாலே நினைவுக்கு வருபவர் உ. ஸ்ரீநிவாஸ். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர், 2014-ல் சென்னையில் மறைந்தார். அவர் கச்சேரியில் வாசித்தது சாதாரண எட்டுக் கம்பி மாண்டலின் அல்ல. எலெக்ட்ரிக் மாண்டலின், ஜோடி இல்லாத ஒற்றைக் கம்பிகள், ஐந்தாவதாக ஒரு கம்பி கூடுதல். அவர் ஏன் அப்படி மாற்றிக்கொண்டார் என்பது புரிந்தால், நீங்கள் எதை வாங்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

கமகத்துக்கு, அதாவது சுவரத்தை அசைத்து வழுக்கிப் பாடும் அழகுக்கு, இரண்டு வசதி தேவை: ஒரு முறை மீட்டினால் நாதம் நீடித்து ஒலிக்க வேண்டும், கம்பியை இழுத்தால் சுவரம் வழுக்கி ஏற வேண்டும். எட்டுக் கம்பி மாண்டலினில் இரண்டும் சிரமம். கம்பியின் நீளம் குறைவு. தலைப்பக்கம் கம்பி படியும் மேற்கட்டையிலிருந்து பிரிட்ஜ் வரை ஏறத்தாழ 353 மி.மீ.தான், கிதாரில் 650 மி.மீ. அளவில் இருக்கும். குட்டைக் கம்பி என்பதால் மீட்டிய ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். வேகமாகப் பலமுறை மீட்டி ஒலியை நீட்டிக்கிற உத்தி இதற்காகவே வந்தது. ஜோடியை இழுத்தாலோ, இரண்டு கம்பியும் ஒரே அளவு ஏறாது. காந்தாரம் ஒன்றாகத் தொடங்கி இரண்டாகப் பிரிந்து அழும். ஒற்றைக் கம்பி போட்டால் இழுவை சுத்தமாகிறது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தால், அடங்கப் போகும் நாதமும் காதுக்கு எட்டுகிறது.

ஆகவே கர்நாடகம்தான் நோக்கம் என்றால் மின்சாரம் இல்லாத எட்டுக் கம்பி அகவுஸ்டிக் மாண்டலினை ‘முதலில் இதில் பழகலாம்’ என்று வாங்க வேண்டாம். திரும்ப வாங்க வேண்டி வரும். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் வாசிப்பது நான்கு கம்பியா, ஐந்தா, ச-ப-ச-ப என்று சேர்க்கிறாரா, எத்தனை கட்டை சுருதி என்று முதலில் கேளுங்கள். கம்பியின் தடிமனே அதைப் பொறுத்துத்தான். ஜி, டி, ஏ, ஈ வரிசைக்குப் போட்ட கம்பியை வேறு சுருதிக்கு இறக்கினால் தொளதொளவென்று ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) அடிக்கும், ஏற்றினால் அறுந்துவிடும். இந்த வகை பெரும்பாலும் செய்யச் சொல்லி வாங்குவது. ஆர்டர் கொடுக்கும்போது கம்பி எண்ணிக்கை, சுருதி, கம்பி நீளம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கம்பியின் முனை வளையமாக இருக்க வேண்டுமா, கிதார்க் கம்பியைப் போல உருண்டை வைத்திருக்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உருண்டை வகையானால் கம்பிக்கு அலைய வேண்டாம். ஒற்றை ஒற்றையாகக் கிதார்க் கடையிலேயே கிடைக்கும்.

சினிமாப் பாட்டு, மேற்கத்திய நாட்டார் இசை, பாடுபவருக்குப் பின்னணி என்றால் எட்டுக் கம்பிதான். ஜோடிக் கம்பி தரும் அந்தச் சிலிர்ப்பு ஒற்றைக் கம்பியில் வராது. இனி வருவதெல்லாம் எட்டுக் கம்பிக்காரர்களுக்கு, ஆனால் ஃப்ரெட், பிரிட்ஜ் சோதனைகள் இரண்டு தரப்புக்கும் பொது.

உருவம்: காசு எங்கே போகிறது

பானை முதுகு மாண்டலின் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து வழி. பார்க்க அழகு, மடியில் நிற்காது, வழுக்கும். பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் பானை முதுகை வாங்கி, இன்றைய தடித்த கம்பியைப் பூட்டினால் மேற்பலகை உள்வாங்கும் அல்லது கழுத்து வளையும். அது மெல்லிய கம்பிக்காகச் செய்தது. கழுத்துக்குள் இரும்புக் கம்பி எதுவும் இருக்காது. முதல் வாத்தியமாக இது வேண்டாம்.

பானை இல்லாத, ஏறத்தாழத் தட்டையான முதுகு வகையில் இரண்டு பிரிவு. ஏ ஸ்டைல் நீர்த்துளி வடிவம். எஃப் ஸ்டைலில் ஒரு தோளில் சுருளும் கீழே இரண்டு கூர்முனைகளும் இருக்கும். 1920-களில் கிப்ஸன் நிறுவனத்தில் லாயிட் லோர் மேற்பார்வையில் வந்த எஃப்-5 தான் இந்த உருவத்துக்குப் பேர் வாங்கித் தந்தது. பில் மன்றோ அதை வாசித்து, புளூகிராஸ் என்ற அமெரிக்க இசையின் அடையாளமாக்கினார். ஆனால் அந்தச் சுருள் ஒலிக்காக வைத்ததில்லை. அதைச் செதுக்க வேலை கூடுதல், அந்தக் கூலியும் விலையில் இருக்கிறது. ஒரே தொகைக்கு ஏ ஸ்டைலும் எஃப் ஸ்டைலும் கிடைத்தால், ஏ ஸ்டைலில்தான் மரமும், கம்பியை முறுக்கும் கீயும் மேலானதாக இருக்கும். குறைந்த விலை எஃப் ஸ்டைல் என்றால் வேறு எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சுருளின் ஒரே பயன் தோளில் தொங்கவிடும் வாரை மாட்டுவது; அதற்கு ஒரு பொத்தான் போதும்.

துளை விஷயம் வேறு, அது ஒலியை மாற்றும். எஃப் துளை கூர்மையாக, முன்னால் பாய்ந்து ஒலிக்கும். மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கேட்கும். முட்டை வடிவத் துளை கொஞ்சம் உருண்டையான, நின்று ஒலிக்கும் நாதம் தரும். வீட்டில் தனியாக வாசிப்பவருக்கு இரண்டாவது இதமாக இருக்கும்.

மேற்பலகை ஒரே மரத்துண்டா, பிளைவுட்டா என்பது அடுத்தது. ஸ்ப்ரூஸ் மரம்தான் வழக்கம். முன்பக்கத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, பிளைவுட்டின் மேல் தாளும் ஸ்ப்ரூஸ்தான். துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பில் திரும்பிக் கீழே வரை இறங்கினால் ஒரே மரம். விளிம்பில் மூன்று அடுக்காக, நடு அடுக்கு வேறு நிறமாக இருந்தால் பிளைவுட். விளிம்பு முழுக்கக் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தால் கண்ணாடி வைத்து உட்பக்கத்தைப் பாருங்கள். பிளைவுட் என்பதால் உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. ஒலி கொஞ்சம் மூடியிருக்கும், ஆனால் காற்று வறண்டாலும் எளிதில் வெடிக்காது. சரியாக அமைத்த பிளைவுட் மாண்டலின், அமைக்காத அசல் மரத்தைவிடத் தொடக்கக்காரருக்கு ஆயிரம் மடங்கு மேல்.

கடையில் பத்து நிமிடம்

இரண்டு ஏ.டி.எம். கார்டும் ஒரு தாளும், சுருதி காட்டும் கிளிப் ட்யூனரும் எடுத்துச் செல்லுங்கள். கைபேசியில் ட்யூனர் செயலி இருந்தாலும் போதும். எண் பொறிக்காத தட்டையான கார்டாக இருக்கட்டும். ஒரு கார்டின் தடிமன் 0.76 மி.மீ., இரண்டு சேர்ந்தால் ஏறத்தாழ 1.5. ஸ்கேல் வைத்துக் கண்ணைச் சுருக்குவதைவிட இது எளிது.

முதலில் சுருதி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். சேராத வாத்தியத்தை அளந்து பயனில்லை. கம்பி தொய்ந்திருந்தால் உயரமும் மாறும், கழுத்தின் வளைவும் மாறும். மெல்லிய கம்பி செட்டிலேயே எட்டும் சேர்ந்து இழுப்பது 60 கிலோவுக்கு மேல். அந்த இழுப்பில் அது எப்படி நிற்கிறது என்பதைத்தான் சோதிக்கிறோம்.

12-ஆம் ஃப்ரெட்டின் மேல் இரண்டு கார்டையும் அடுக்கி, ஈ கம்பிக்கு அடியில் நுழையுங்கள். லேசாக உரசிக்கொண்டு போனால் சரியான உயரம். ஜி கம்பிக்கு அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சலாம், 2 மி.மீ. வரை பரவாயில்லை. மூன்று கார்டு தாராளமாகப் போகும் அளவுக்கு இடம் இருந்தால் கம்பி உயரம். இந்த வாத்தியத்தில் ஒரு விரல் இரண்டு கம்பியைச் சேர்த்து அழுத்துகிறது என்பதை மறக்காதீர்கள். கிதாரில் பொறுத்துக்கொள்ளும் உயரம் இங்கே விரலை அறுத்துவிடும்.

உயரத்தை பிரிட்ஜின் இரண்டு பக்கமும் இருக்கும் சிறு பித்தளைச் சக்கரத்தைத் திருகிக் குறைக்கலாம். கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான் திருக வேண்டும். முறுக்கோடு திருகினால் மரை தேய்ந்துபோகும். கீழே இறக்க இடமே இல்லாமல் பிரிட்ஜ் ஏற்கெனவே அடிவரை உட்கார்ந்திருந்து, அப்படியும் கம்பி உயரமாக இருந்தால் கழுத்தின் சாய்வே தப்பு. அதைக் கடைக்காரர் சரிசெய்து தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.

அடுத்து கழுத்து. ஏ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவே, ஆறாவது ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் கழுத்து முதுகுப்பக்கம் வளைந்திருக்கிறது, கம்பி இரையும். நான்கைந்து தாள் போனால் முன்னால் வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருந்தால் இரண்டையும் திருகிச் சரிசெய்யலாம். இருக்கிறதா என்பதைத் தலைப்பகுதியில் இருக்கும் சிறு மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கிக்கொண்ட கழுத்துக்கு மட்டும் மருந்து கிடையாது. வாத்தியத்தைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் பிடித்து, தலையிலிருந்து பிரிட்ஜை நோக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மேற்கட்டையின் பள்ளம் யாரும் பார்க்காத இடம், தொடக்கக்காரரை அதிகம் வாட்டுவதும் அதுதான். கம்பியை இரண்டாவது மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தலைமுடி அளவு தெரிந்தால் போதும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடைவெளி என்றால் பள்ளம் ஆழமாக வெட்டப்படவில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டில் வாசிக்கும் ஒவ்வொரு சுவரமும் ஏறியே ஒலிக்கும், விரலும் வலிக்கும். இது அரை மணி நேர அரம் வேலை, பள்ளத்தின் அகலத்துக்கேற்ற அரம் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

பிறகு ஒவ்வொரு ஜோடியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மெதுவாக மீட்டிப் பாருங்கள். இரைச்சலோ, ‘டப்’ என்று செத்த ஒலியோ வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் அடுத்த ஃப்ரெட் துருத்திக்கொண்டிருக்கிறது, தட்டி இறக்கலாம். கழுத்து முழுக்க அங்கங்கே வந்தால் வேண்டாம்.

12-ஆம் ஃப்ரெட் என்ற நீதிபதி

ஒட்டாத பிரிட்ஜின் கதை இங்கே வருகிறது. 12-ஆம் ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதி. அங்கே அழுத்தினால் திறந்த கம்பியின் மேல் ஸ்தாயி ஒலிக்க வேண்டும். ஃப்ரெட்டுகள் அசையாது, பிரிட்ஜ் அசையும். அது இடம் மாறினால் பாதி என்பது பாதியாக இராது. பிரிட்ஜ் 1 மி.மீ. நகர்ந்தால் 12-ஆம் ஃப்ரெட்டில் ஏறத்தாழ 5 சென்ட் பிசகும் (ஒரு அரைச்சுவரம் 100 சென்ட்). 3 மி.மீ. என்றால் 15 சென்ட். பழகாத காதுக்கும் உறுத்தும். கம்பி குட்டையாக இருப்பதால் இதே நகர்வு கிதாரில் செய்யும் கெடுதலைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

சோதனை இப்படி: ஏ ஜோடியில் ஒரு கம்பியை மட்டும் மீட்டுங்கள், மற்றதை விரலால் அடக்கிவிடுங்கள். ட்யூனரில் முள் நடுவில் நிற்கட்டும். இப்போது அதே கம்பியை 12-ஆம் ஃப்ரெட்டில், இழுக்காமல் நேராக அழுத்தி மீட்டுங்கள். முள் வலப்பக்கம் போனால் சுவரம் ஏறியிருக்கிறது, பிரிட்ஜ் மிக அருகில் இருக்கிறது. வாலை, அதாவது கம்பிகள் கட்டியிருக்கும் கீழ்முனையை, நோக்கித் தள்ள வேண்டும். இடப்பக்கம் போனால் கழுத்தை நோக்கித் தள்ள வேண்டும். கம்பியைச் சற்றுத் தளர்த்திவிட்டு, இரண்டு கையாலும் பிரிட்ஜின் இரண்டு காலையும் பிடித்து, அரை அரை மி.மீ.யாக நகர்த்துங்கள். திரும்பச் சுருதி சேர்த்த பிறகே மறுபடி பார்க்க வேண்டும். ஜி பக்கமும் ஈ பக்கமும் தனித்தனியாகச் சரியாக வேண்டும் என்பதால் பிரிட்ஜ் லேசாகச் சாய்ந்து நின்றால் பயப்பட வேண்டாம். எங்கே வைத்தாலும் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்றால், பிரிட்ஜில் கம்பி படியும் மேல்துண்டு திருப்பி வைக்கப்பட்டிருக்கலாம். அதன் விளிம்பு படிப்படியாக வெட்டியிருக்கும். பெரும்பாலானவற்றில் ஈ-யும் டி-யும் உட்காரும் இடம் கழுத்தை நோக்கியும், ஏ-யும் ஜி-யும் வாலை நோக்கியும் இருக்கும்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு இது கட்டாயப் பாடம். பெட்டியைத் திறந்தால் பல நேரம் பிரிட்ஜ் படுத்துக் கிடக்கும், அல்லது தனியே ஒரு பையில் இருக்கும். உடைந்து வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், பயணத்துக்காகக் கழற்றியது. மேற்கட்டையிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து, அதே தூரத்துடன் ஒன்றிரண்டு மி.மீ. கூட்டி, 12-ஆம் ஃப்ரெட்டிலிருந்து அந்த இடத்தில் பிரிட்ஜை நிறுத்துங்கள். எட்டுக் கம்பியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாக ஏற்றி, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். பிரிட்ஜின் காலடியில் தாளை நுழைத்துப் பாருங்கள், எங்கும் போகக்கூடாது. பலகையின் வளைவோடு கால் முழுக்க ஒட்டி உட்கார்ந்தால்தான் ஒலி பலகைக்கு இறங்கும்.

கம்பி மாற்றும்போது எட்டையும் ஒன்றாகக் கழற்றினால் பிரிட்ஜ் விழுந்துவிடும், இடமும் தொலையும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சுருதி ஏற்ற ஏற்ற கம்பி பிரிட்ஜின் தலையைக் கழுத்தை நோக்கி இழுக்கும். அவ்வப்போது பக்கவாட்டில் பார்த்து நிமிர்த்திவிடாவிட்டால் ஒருநாள் ‘பட்’டென்று சாய்ந்து பலகையில் குழி விழும்.

ஜோடி ஒன்றாவது

வாங்கியாகிவிட்டது. முதல் வாரத்தில் கம்பி அறுவது ஒரே காரணத்தால்தான்: ட்யூனரைப் பார்த்துக்கொண்டே பக்கத்துக் கம்பியின் கீயைத் திருகுவது. முள் அசையவில்லையே என்று இன்னும் திருகுவார்கள். ஈ கம்பி அறுந்து கையில் அடிக்கும். எந்தக் கீ எந்தக் கம்பி என்று விரலால் தொட்டுத் தொடர்ந்து பார்த்துவிட்டுத் திருகுங்கள்.

ஜோடியில் ஒன்றை ட்யூனர் வைத்துச் சேருங்கள், இரண்டாவதைக் காதால் சேருங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டினால், சுருதி கொஞ்சம் விலகியிருக்கும்போது ‘வாவ்… வாவ்…’ என்று ஒலி அலையும். ஏ ஜோடியில் ஒன்று 440, மற்றது 438 என்றால் நொடிக்கு இரண்டு அலை. கீயை மெல்லத் திருக, அலை நீண்டுகொண்டே போய், ஒரு கணத்தில் மறைந்துவிடும். இரண்டு கம்பி ஒரே கம்பியாகும் இடம் அது. தாண்டிவிட்டால் இறக்கி, மறுபடி கீழிருந்து ஏற்றி வாருங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கீயின் பல்லில் தொய்வு மிஞ்சி, ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். திருகும்போது ‘டிக்’ என்ற சத்தத்தோடு சுருதி தாவினால் கீயைத் திட்ட வேண்டாம், கம்பி மேற்கட்டைப் பள்ளத்தில் சிக்குகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

கம்பியில் மெல்லிய செட்டே தொடங்க நல்லது. 0.010, 0.014, 0.024, 0.038 அங்குலம் என்று உறையில் இருக்கும். 0.011-ல் தொடங்கும் செட் சத்தம் அதிகம் தரும், விரலையும் அதிகம் கேட்கும். மீட்டும் வில்லையான பிக் மட்டும் தடியாக இருக்கட்டும், 1 மி.மீ.க்குக் குறையாமல். மெல்லிய பிக் ஜோடிக் கம்பியில் மடங்கி ‘சடசட’ என்ற பிளாஸ்டிக் சத்தம்தான் மிஞ்சும்.

கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு ஜோடியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். மழைக்காலத்தில் மேற்பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பி உயரும்; கோடையில் ஏ.சி. அறையிலேயே கிடந்தால் கழுத்து மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறும். காருக்குள் வெயிலில் விட்டால் பசையே இளகும்.

பழைய மாண்டலின் வாங்குவதானால் மேலே சொன்ன சோதனைகளோடு இரண்டு பார்வை கூடுதலாக. பலகையின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கி, பிரிட்ஜின் அடியில் மேற்பலகை குழிந்திருக்கிறதா பாருங்கள். குழிந்திருந்தால் உள்ளே தாங்குகட்டை விட்டிருக்கலாம். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் நுழையும் விரிசல் என்றால் பேரம் பேசவே வேண்டாம். முதல் ஐந்து ஃப்ரெட்டில் கம்பித் தடம் பதிந்திருப்பது குற்றமில்லை, யாரோ ஆசையாக வாசித்த வாத்தியம் என்று அர்த்தம். ஃப்ரெட்டைத் தேய்த்துச் சமமாக்கும் கூலியை மட்டும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

புதியதோ பழையதோ, கையிலிருக்கும் தொகை முழுவதையும் வாத்தியத்திலேயே போடாமல் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். வாத்தியத்தைச் சரியாக அமைத்துத் தரும் செட்டப் கூலி, ஒரு மாற்றுக் கம்பி செட், கிளிப் ட்யூனர், கொஞ்சம் கெட்டியான உறை எல்லாம் அதில் அடங்கும். விளம்பரத்தில் கம்பி நீளம் போட்டிருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள்: 35 செ.மீ.க்கு அருகில் இருந்தால் மாண்டலின், 42 அளவில் இருந்தால் மாண்டோலா, 50-ஐத் தாண்டினால் ஆக்டேவ் மாண்டலின். படத்தில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.